மூன்றாம் தடம், சமையலறைப் பக்கம்

ஹார்க்னஸில் 'ஐஸ்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஒரு மனிதன் பேசிப் பிழைத்துவிடலாம். வேலைக்குத் தாமதமாக வந்தவன் வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டே "ஐஸ்" என்பான். முதலாளி தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். சாலையோரப் பள்ளத்தில் கார் இறங்கிவிட்டால் இழுவை வண்டிக்காரரிடம் முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை, அந்தச் சொல்லையும் இடத்தையும் சொன்னால் போதும். முழங்கால் வீங்கினால் மேலே வைப்பது ஐஸ். முழங்காலை வீங்கவைத்ததும் பெரும்பாலும் அதேதான். விஸ்கியில் மட்டும் யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள், வெளியே இருப்பதே போதும் என்பார்கள். கனடாச் சமவெளியில் இருக்கும் இந்த ஊரில் நான் மருந்துக்கடை வைத்து இருபத்தேழு வருடம் ஆகிறது. என் குளிர்கால வியாபாரத்தில் பாதி ஐஸின் தயவு என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தமிழில் ஒருவருக்கு ஐஸ் வைத்தால் அவர் குளிர்ந்துபோய் நமக்கு வேண்டியதைச் செய்து கொடுத்துவிடுவார். இங்கே ஊருக்கே முப்பத்தொரு வருடம் ஐஸ் போட்டவர் ஒருவர் உண்டு. அவரிடம் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர்தான் ஒரெஸ்ட் பாலுக், எங்கள் கர்லிங் கிளப்பின் ஐஸ்காரர்.

கர்லிங் ஆட்டம் சொல்வதற்குச் சுலபம். கைப்பிடி வைத்த இருபது கிலோ கருங்கல்லை ஐஸில் வழுக்கவிட்டு, தடத்தின் மறுகோடியில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டும். யாருடைய கல் நடுப்புள்ளிக்கு நெருக்கமோ அவருக்குப் புள்ளி. கல் ஓடும்போது இரண்டு பேர் அதன் முன்னால் துடைப்பத்தால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். வங்கி மேலாளரும் பல் டாக்டரும் துடைப்பத்தோடு ஓடுவதைப் பார்த்து முதல் வருடம் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் வருடம் நானும் ஓடினேன். தணிகாசலம் என்ற என் பெயர் டானி ஆனதும் அந்த வருடம்தான்.

இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. ஓடும் கல்லின் மேல் துடைப்பமோ காலோ பட்டுவிட்டால் 'கல் எரிந்துவிட்டது' என்பார்கள். பட்டவர் தானே முன்வந்து சொல்லிவிட வேண்டும், வேறு யாரும் சுட்டிக்காட்டுவது அழகில்லை. ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கிளாஸ் பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்து தோற்றவர்கள் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. ஐஸைத் திட்ட வேண்டும்.

ஹார்க்னஸில் யாரும் இன்னொரு மனிதரிடம் தோற்றதே இல்லை. எல்லோரும் ஐஸிடம்தான் தோற்றிருக்கிறார்கள். கல் குறைவாகப் போனால் ஐஸ் மெதுவு, கூடுதலாகப் போனால் ஐஸ் வேகம், வளைந்து போனால் ஐஸ் சாய்வு. நேராகப் போய் எதிராளியின் கல்லையே நல்ல இடத்துக்குத் தள்ளிவிட்டால் அன்றைக்கு ஐஸுக்குத் துரோக புத்தி. நானும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை விட்ட கல் பக்கத்துத் தடத்துக்கே போய்விட்டது, அதற்கும் ஐஸைத்தான் சொன்னேன்.

ஒரெஸ்ட் எதற்கும் பதில் பேச மாட்டார். "பாக்கறேன்" என்பார். அவர் அப்பா ஊருக்கு வடக்கே கோதுமை விதைத்தவர். ஒரெஸ்டும் விதைத்துப் பார்த்தார், மூன்று வருடம் மழை ஏமாற்றியது, நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு முப்பத்திரண்டாவது வயதில் கிளப்புக்கு வந்தார். வானத்திலிருந்து விழும் தண்ணீரை நம்பிக் கெட்டது போதும், இனி நானே ஊற்றிக்கொள்கிறேன் என்று சொன்னாராம். இது அவர் மனைவி நாடியா சொன்னது. ஒரெஸ்ட் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு அக்டோபரிலும் சிமெண்ட் தரையில் மெல்லிசாகத் தண்ணீர் விட்டு உறையவைத்து, அதன்மேல் இன்னொரு படலம் விட்டு, இப்படி இருபது நாள் உழைத்தால் ஓர் அங்குல ஐஸ் கிடைக்கும். ஊர்க் குழாய்த் தண்ணீர் உப்பு. அதில் போட்ட ஐஸ் சொரசொரப்பாகும் என்று தன் வீட்டு மழைநீர்த் தொட்டியிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவருவார். நல்ல தண்ணியெல்லாம் ஐஸுக்கு, சோப்பு நுரைக்காத தண்ணி எனக்கு என்று நாடியா சலித்துக்கொள்வாள். ஆட்டத்துக்கு முன்னால் முதுகில் ஒரு தகரத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, பூவாளி மூக்கு வைத்த குழாயைப் பிடித்து, பின்புறமாக நடந்தபடி வெந்நீரைத் துளித்துளியாகத் தெளித்துக்கொண்டே போவார். அந்தத் துளிகள் உறைந்து பொடிப்பொடி மேடாகும். கல் அந்த மேடுகளின் மேல்தான் ஓட வேண்டும். யாரும் இல்லாத காலை வேளைகளில் அவர் ஐஸில் குப்புறப்படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்ப்பதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல்முறை மாரடைப்பு என்று நினைத்துப் பதறி ஓடினேன். அவர் எழுந்து, நான் வெளிச் செருப்போடு ஐஸில் ஏறியதற்காக என்னைத் திட்டினார்.

கிளப்பில் மூன்று தடங்கள். மூன்றாம் தடத்தின் கடைக்கோடி சமையலறையை ஒட்டியது. சமையலறை நாடியாவின் ராஜ்ஜியம். ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பெரோகி அதில் வெந்துகொண்டே இருக்கும். முப்பது மைல் தள்ளியிருக்கும் ஊர்க்காரர்கள் கர்லிங் ஆட வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரோகி சாப்பிடத்தான் வருவார்கள்.

அந்தக் கோடியில் கல் சோர்ந்துபோகிறது என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவந்தவர் க்ளிஃபர்ட் ஏம்ஸ். இன்ஷூரன்ஸ் விற்பவர், கிளப்பின் தலைவர், ஊரிலேயே நன்றாக ஆடக்கூடியவர். ஊர் முழுவதும் வாயால் திட்டியதை அவர் மட்டும் தேதி, தடம், தூரம் போட்டு எழுதி வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு பிப்ரவரி மாதம் கமிட்டியில் விஷயத்தை எடுத்தார். ரெஜைனா நகரத்தில் ஐஸ் போடுவதற்குப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருவரைக் கொண்டுவரலாமா என்று கேட்டார். ஊர்க் கோப்பையின் இறுதி ஆட்டம் முடிந்த பிறகு ஓட்டெடுப்பு என்று முடிவாயிற்று. அந்த ஆட்டத்தில் ஐஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார்கள், ஏதோ ஐஸைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவது மாதிரி.

ஒரெஸ்டுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. செய்தி கேட்ட அன்று என் கடைக்கு மூட்டுவலி மாத்திரை வாங்க வந்தார். "அக்டோபர் வந்தா நான் எங்க போவேன் டானி?" என்று கேட்டார். நான் கமிட்டியில் ஒருவன். கவலைப்படாதீர்கள், என் ஓட்டு உங்களுக்குத்தான் என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது எங்கள் அணி. இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. எங்கள் தலைவி வெர்னா ஸ்டக்கி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவள், எங்களையும் அப்படித்தான் ஆட்டினாள். எதிரணித் தலைவர் க்ளிஃபர்ட். கிளப் சுவரில் வார்னிஷ் அடித்த பலகை ஒன்று தொங்கும், வருடா வருடம் வென்றவர்களின் பெயரைத் தங்க எழுத்தில் எழுதுவார்கள். தணிகாசலம் என்று முழுப்பெயரும் ஒரே வரியில் கொள்ளுமா என்று எழுதுகிறவரிடம் முந்தின வாரமே விசாரித்து வைத்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம், மூன்றாம் தடத்தில். ஒன்றரைக்கு எங்கள் நான்காவது ஆள் தொலைபேசியில் கூப்பிட்டு, பசு கன்று போடுகிறது, ஒரு கால் மடங்கி மாட்டிக்கொண்டிருக்கிறது, வர முடியாது என்றான். மார்ச் மாதத்தில் இந்தச் சாக்கை இங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெர்னா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரெஸ்ட் அப்போதுதான் துளி தெளித்து முடித்துத் தொட்டியை இறக்கிவைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு போட்டியிலும் ஆடியதில்லை. ஐஸ் போடுகிறவன் ஆடினால் தனக்கு வசதியாகப் போட்டுக்கொண்டான் என்பார்கள், எதற்கு அந்த வம்பு என்பார். வெர்னா அதையெல்லாம் கேட்கவில்லை.

"துடைப்பத்தை எடு ஒரெஸ்ட். இல்லேன்னா மூணு பேரா ஆடித் தோத்துட்டு உன் ஐஸைத்தான் சொல்லுவேன்."

அவர் எடுத்துக்கொண்டார். முதலில் விட வேண்டிய இரண்டு கல் அவருக்கு, மற்ற நேரமெல்லாம் என்னோடு சேர்ந்து தேய்க்க வேண்டியது. பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனால் எந்த இடத்தில் எப்போது தேய்க்க வேண்டும் என்று அவருக்குக் கல்லைப் பார்க்காமலே தெரிந்தது. அறுபத்து மூன்று வயதில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

கடைசிக் கல் வரும்போது இரண்டு பக்கமும் ஆறுக்கு ஆறு. எங்கள் கல்தான் கடைசி. வட்டத்துக்குள் க்ளிஃபர்டின் கல் ஒன்று நடுப்புள்ளிக்கு அருகில் நின்றது. அதைவிட உள்ளே எங்கள் கல் போய் நின்றால் கோப்பை எங்களுக்கு. வட்டம் இருந்தது சமையலறைப் பக்கம்.

வெர்னா கல்லை விட்டாள். பாதி தூரத்திலேயே அது சோர்வது தெரிந்தது. அவள் பின்னாலிருந்து கத்த, நானும் ஒரெஸ்டும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேய்த்துக்கொண்டே போனோம். வட்டத்துக்கு ஓர் எட்டு முன்னால் கல் நின்றுவிடும் போலிருந்தது. அப்போது ஒரெஸ்டின் கால் வழுக்கியது. அவரே போட்ட ஐஸில், முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு வழுக்கியது. ஷூவின் நுனி கல்லின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டியது. கல் உயிர் வந்து மெல்ல நகர்ந்து, க்ளிஃபர்டின் கல்லைத் தாண்டி, ஒரு சாண் உள்ளே போய் நின்றது.

பார்வையாளர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஊரே எழுந்து கைதட்டியது. ஒரெஸ்டின் உடம்பு மறைத்ததால் அங்கிருந்து யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வெர்னா வெகு தூரத்தில் இருந்தாள். வட்டத்துக்குப் பின்னால் நின்ற க்ளிஃபர்டுக்கும் எங்கள் இன்னொரு ஆளுக்கும் கல்லின் முன்பக்கம்தான் தெரியும். பார்த்தவன் நான் ஒருவன். நான் துடைப்பத்தைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

க்ளிஃபர்ட் கையை நீட்டிக்கொண்டே வந்தார். ஆட்டத்தில் அவர் ஓர் உத்தமர், அதை மறுக்க முடியாது.

"ஐஸைப் பத்தி நான் சொன்னதெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன்பா," என்றார். "இந்தக் கோடியில இப்படி ஒரு கல் வந்து நிக்குதுன்னா ஐஸ் நல்லாத்தான் இருக்கு."

முப்பத்தொரு வருடத்தில் ஒரெஸ்ட் கேட்காத வார்த்தை. அதுவும் அவரை அனுப்பிவிட வேண்டும் என்று சொன்ன மனிதரின் வாயிலிருந்து, ஓட்டெடுப்புக்கு மூன்று நாள் முன்னால். வாயை மூடிக்கொண்டு கையைக் கொடுத்தால் போதும். வேலை நிற்கும், கோப்பை வரும், என் பெயர் பலகையில் ஏறும்.

அவர் கையைக் கொடுக்கவில்லை. "கல்லு எரிஞ்சிருச்சு க்ளிஃப். என் கால் பட்டுச்சு."

அந்த இடத்தில் கல் எரிந்தால் என்ன செய்வது என்று எதிரணித் தலைவர்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லை எடுத்துவிடலாம். அப்படியே இருக்கட்டும் என்று விடலாம். கால் படாவிட்டால் எங்கே நின்றிருக்குமோ அங்கே வைக்கலாம். க்ளிஃபர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். யாருமே பார்க்காத ஒன்றைச் சொன்னவரின் கல்லை எடுத்து வீச அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

"நீதான் ஐஸ் போட்டவன்," என்றார். "உனக்குத் தெரியாதது இல்ல. கால் படலேன்னா அங்க வந்து நின்னிருக்குமா? வந்திருக்கும்னு நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்."

சொல்லித் தொலையேன் மனுஷா என்று எனக்குள் கத்தினேன். யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? ஒரெஸ்ட் குனிந்து அந்த இடத்து ஐஸை உள்ளங்கையால் தடவினார்.

"வந்திருக்காது," என்றார். "இந்த எடத்துல ஐஸ் மெதுவு. பன்னெண்டு வருசமா நீ சொல்றது சரிதான்."

க்ளிஃபர்ட் கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். கோப்பை அவருக்குப் போயிற்று. வழக்கப்படி எங்களுக்கு முதல் கிளாஸ் பீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, தோற்றவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரெஸ்ட் நாடியா கொண்டுவந்த பெரோகியைச் சாப்பிட்டார். அன்றைக்கு எங்கள் மேசையில் யாரும் ஐஸைத் திட்டவில்லை.

புதன்கிழமை மதியம் என் கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் கமிட்டி கூடியது. ஐந்து பேர். தீர்மானத்தைக் கொண்டுவந்த க்ளிஃபர்டே அதை எதிர்த்தார். இப்படி ஓர் ஆளை அனுப்பிவிட்டு யாரை நம்பிக் கதவைத் திறந்து வைப்பது என்று கேட்டார். வெர்னா கோபத்தோடுதான் வந்திருந்தாள், ஆனாலும் அவர் பக்கம் கை தூக்கினாள். மற்ற இருவர், ஒரெஸ்ட் நல்லவர்தான், மறுக்கவில்லை, ஆனால் ஐஸ் சரியில்லை என்று அவரே ஊரறிய ஒப்புக்கொண்ட பிறகு நாம் என்ன செய்ய முடியும் என்றார்கள். முப்பத்தொரு வருடமாக ஊர் சொன்ன பொய்ப் புகாருக்கெல்லாம் போகாத வேலை, அவர் சொன்ன ஓர் உண்மைக்குப் போகும் நிலையில் நின்றது. இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது கை என்னுடையது.

என் கை ரெஜைனாக்காரருக்காக உயர்ந்தது. காரணத்தை மழுப்ப மாட்டேன். கோப்பை போன ஆத்திரம் கொஞ்சம். மீதியெல்லாம், நான் பார்த்தும் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார் என்பதுதான். குளிர்காலம் முழுவதும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட என்னால் முடியாது என்று தோன்றிற்று. ஓட்டு ரகசியம், வெளியே சொல்லக் கூடாது என்பது கமிட்டியின் விதி. அதை மட்டும் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அக்டோபரில் ரெஜைனாவிலிருந்து ஒரு பெண் வந்தாள், கருவிகள் ஒரு வேன் நிறைய. இரண்டாம் நாளே மூன்றாம் தடத்தின் நோயைக் கண்டுபிடித்துக் கமிட்டிக்குக் கடிதம் எழுதினாள். ஐஸில் ஒரு குறையும் இல்லை, சமையலறை அண்டாவின் ஆவி சுவர் இடுக்கு வழியாக வந்து அந்தக் கோடியில் படிகிறது, ஆட்ட நேரத்தில் கொதிக்கவைப்பதை நிறுத்துங்கள் என்று. கடிதம் நாடியாவின் கைக்கும் போயிற்று. உனக்குத் தெரியுமா என்று அவள் ஒரெஸ்டைக் கேட்டிருக்கிறாள். பன்னிரண்டு வருடமாகத் தெரியும் என்றிருக்கிறார். சுவரை அடைக்கப் பார்த்தார், விடியற்காலையில் வந்து அந்தக் கோடியைக் கையால் சுரண்டிப் பார்த்தார். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நாடியா நான்கு நாள் அவரோடு பேசவில்லை, ஐந்தாம் நாள் அண்டாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது எங்கள் கிளப்பில் ஐஸ் அருமையாக இருக்கிறது. சாப்பிடப் பாக்கெட் சிப்ஸ் கிடைக்கிறது. தோற்றவர்கள் பசியால் தோற்றோம் என்கிறார்கள்.

ஒரெஸ்ட் வெர்னாவின் அணியில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டார். நான்கு குளிர்காலமாக நானும் அவரும் ஒரே கல்லின் இரண்டு பக்கமும் தேய்க்கிறோம். போன மாதம் அவருடைய மூட்டுவலி மாத்திரையைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாடியா உள்ளே இருந்தாள். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன், அந்த ஐந்தாவது கை என்னுடையது என்று. உங்கள் கால் பட்டதையும் பார்த்தேன் என்று.

"தெரியும்," என்றார்.

யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. கமிட்டியில மத்த நாலு பேரும் பழையபடிதான் பேசறாங்க. நீ மட்டும்தான் நாலு வருசமா மாத்திரைய வீடு தேடிக் கொண்டாந்து குடுக்கற. கால் பட்டப்போ என் பக்கத்துலதானே நின்னே, பாக்காம எங்க போவே?"

"அப்புறம் ஏன் இத்தனை நாளா நீங்க கேக்கல?"

"நான் எப்படிக் கேக்கறது டானி? கல்லு எரிஞ்சா பட்டவன்தானே சொல்லணும்," என்றார். மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த மாசத்துலேருந்து நானே கடைக்கு வந்து வாங்கிக்கறேன். படியெல்லாம் ஐஸா கெடக்கு, பாத்து எறங்கு."